சொன்னா குறைப்பாங்களா?

"தண்டனை பத்தி ஏதாவது சொல்லணுமாம்மா?" என்று நீதிபதி கேட்டதும் அந்த அம்மா, தனக்காக வாதாடிய வக்கீலான என் பக்கம் திரும்பினார். "சொன்னா குறைப்பாங்களா சார்?" என்றார், கொஞ்சம் சத்தமாகவே. "சொல்லுங்கம்மா" என்றேன். குறையாது என்று எனக்குத் தெரியும். பி.பி.க்கு, அதாவது அரசு வக்கீலுக்குத் தெரியும், டைப் செய்துகொண்டிருந்தவருக்கும் தெரியும்.

பையில் இருந்தது 21 கிலோ 300 கிராம் கஞ்சா. போதைப்பொருள் சட்டத்தில் 20 கிலோவைத் தாண்டினாலே வணிக அளவு. குறைந்தது 10 ஆண்டு, ஒரு லட்சம் அபராதம். 20 கிலோவுக்குள் இருந்திருந்தால் குறைந்தபட்சம் என்பதே கிடையாது, இரண்டு வருடத்தோடுகூட முடித்திருக்கலாம். பூவும் காயும்தான் சட்டப்படி கஞ்சா, இலையைக் கழித்து எடை போடுங்கள் என்று வாதாடிப் பார்த்தேன். எல்லாம் கலந்தே இருந்ததால் எடுபடவில்லை. பையைக் கொடுத்தனுப்பியவன் கடைசிவரை பிடிபடவே இல்லை.

அவர் சொன்னார். புருஷன் செத்தது, பிளஸ் டூ படிக்கிற மகள், பையைக் கொண்டுபோய்க் கொடுத்தால் தருவதாகச் சொன்ன இரண்டாயிரம் ரூபாய். நீதிபதி குறுக்கிடாமல் கேட்டார். அப்புறம் 10 ஆண்டு.

குற்றவாளி என்று தீர்மானித்த பிறகு தண்டனை குறித்துக் கேட்டே ஆகவேண்டும் என்பது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 235(2)-ஆவது பிரிவு, இப்போதைய புதிய சட்டத்தில் 258. ஆயுள் கைதி கொலை செய்தால் தூக்கு மட்டுமே என்றிருந்த, இந்திய தண்டனைச் சட்டத்தின் 303-ஆவது பிரிவை உச்ச நீதிமன்றம் 1983-இல் ரத்து செய்ததற்கு இதுவும் ஒரு காரணம்: வேறு தண்டனையே கொடுக்க முடியாதென்றால் எதற்காகக் கேட்பது? அதே கேள்வியை 10 ஆண்டுக்கும் கேட்கலாமே, ரிட் போட்டிருக்கலாமே என்றார் ஒரு நண்பர். தூக்கு வேறு, சிறை வேறு. எந்தக் குற்றத்துக்கு எவ்வளவு என்பது நாடாளுமன்றத்தின் வேலை என்று நீதிமன்றங்களே திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டன. இதே போதைப்பொருள் சட்டத்தில் 32ஏ பிரிவை 2000-இல் உச்ச நீதிமன்றம் ஓரளவுக்கு வெட்டியது. ஆனால் அது அப்பீலில் தண்டனையை நிறுத்திவைக்கும் நீதிமன்ற அதிகாரத்தைப் பறித்ததற்காக. கீழ்க்கோர்ட்டில், இலவச சட்ட உதவி வழக்குக் கட்டை வைத்துக்கொண்டு நான் அரசியல் சாசனம் பேசியிருந்தால் அந்த அம்மாவுக்கு என்ன கிடைத்திருக்கும்?

குறைந்தபட்சத் தண்டனையே கூடாது என்றும் என்னால் சொல்ல முடியவில்லை. பாலியல் வல்லுறவு வழக்குகளில் 'போதுமான, சிறப்பான காரணம்' எழுதினால் குறைக்கலாம் என்று ஒரு வாசல் இருந்தது. அந்த வாசல் வழியாக யார் யார் போனார்கள் என்று இந்தத் தொழிலில் உள்ளவர்களுக்குத் தெரியும். குற்றவாளி சின்னப் பையன், நல்ல குடும்பம், கல்யாணம் ஆகிவிட்டது. 2013-இல் அதை மூடினார்கள், மூடியது சரி. நீதிபதி கையை அவிழ்த்துவிட்டால் பெரிய வக்கீல் வைத்தவனுக்குத்தான் முதலில் குறையும். என் கட்சிக்காரருக்கு அல்ல. இதைச் சொல்லிக்கொண்டே அந்த 1,300 கிராமை நினைக்கிறேன், பேச்சு நின்றுபோகிறது.

அப்படியானால் 'சொல்லுங்கம்மா' என்றது வெறும் சடங்கா? 'குறையாதும்மா' என்று சொல்லியிருந்தால் அவர் வாயே திறந்திருக்க மாட்டார். தண்டிக்கப்படும் ஆள் யார் என்பது பதிவில் இருக்கவேண்டும், அப்பீலில் யாராவது படிப்பார்கள். அன்று மாலைவரை எனக்கு நானே சொல்லிக்கொண்ட சமாதானம் இது.

தீர்ப்பு நகல் வந்தபோதுதான் கவனித்தேன். அபராதம் கட்டாவிட்டால் எவ்வளவு காலம் கூடுதலாக உள்ளே இருக்கவேண்டும் என்பதற்கு இந்தச் சட்டத்தில் குறைந்தபட்சம் இல்லை. அந்த கோர்ட்டில் வழக்கமாக ஓராண்டு போடுவார்கள். இவருக்கு மூன்று மாதம். காரணமாக எழுதியிருந்தது அவர் சொன்னவைதான்: விதவை, படிக்கும் மகள். நான் வாதாடியபோது அபராதத்தைப் பற்றி ஒரு வரிகூடப் பேசவில்லை, எவரும் பேசுவதில்லை.

ஒன்பது மாதம் குறைந்தது. அந்த அம்மா கேட்டது இதையல்ல. ஒரு லட்சம் கட்ட வழியில்லாதவருக்கு ஒன்பது மாதம் சின்னதும் அல்ல. இப்போதெல்லாம் தண்டனை வாதத்தில் அபராதத்தைப் பற்றியும் எழுதிக் கொடுக்கிறேன். பி.பி. ஆட்சேபிப்பதில்லை.