மயில்துத்தத்திலிருந்து செம்பு: 108 சதவீதம் ஒருவழியாக 97 ஆனது

வந்துவிட்டது, கணக்குப்படி கிடைக்க வேண்டிய செம்பில் 97 சதவீதம்! இரும்பைப் போட்டு மயில்துத்தக் (செப்பு சல்பேட்) கரைசலிலிருந்து செம்பை இறக்குவது சுலபம். இறங்கிய செம்பை மலேசியாவின் சுங்கை சிப்புட் ஊரின் ஈரக்காற்றில் உலர்த்தி நிறுப்பதுதான் பெரும்பாடு.

கணக்கு இவ்வளவுதான். பாத்திரம் தேய்க்கும் இரும்பு நூல் 4.00 கிராம். இரும்பின் அணு எடையான 55.85ஆல் வகுத்தால் 0.0716 மோல் (மோல் என்பது அணுக்களின் எண்ணிக்கையை அளக்கும் அலகு). ஓர் இரும்பு அணுவுக்கு ஒரு செம்பு அணு இறங்கும் என்பதால் செம்பும் அதே அளவு மோல், செம்பின் அணு எடையான 63.55ஆல் பெருக்கினால் 4.55 கிராம். அதுதான் கோட்பாட்டு விளைச்சல், அதாவது நூறு சதவீதம். துத்தம் 17.9 கிராம் போதும், நான் 22 போட்டேன். உர மருந்துக் கடையில் வாங்கும் துத்தத்தின் தூய்மையை நம்பி மோல் கணக்குப் போட முடியாது. இரும்பு முதலில் தீரும்படி வைத்துவிட்டால் அந்தக் கவலையே இல்லை. வினை முடிந்த பிறகும் கரைசலில் நீலம் தெரிந்தால் சரி. இரும்பு நூலில் எண்ணெய்ப் பூச்சு இருக்கும், அதை ஆல்கஹாலில் அலசிக் காயவைத்த பிறகே நிறுக்க வேண்டும்.

இனி உலர்த்தும் கதை. வெயிலில் காயவைத்த செம்பு 4.90 கிராம் நின்றது, அதாவது 108 சதவீதம். நூறைத் தாண்டினால் உள்ளே வேறு ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். ரப்பர் பால் நிறுக்கும் இடத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல; வாளி எடையை அப்படியே யாரும் ரப்பர் என்று எழுதமாட்டார்கள், மெட்ரோலாக் என்ற மிதவைக் கருவியைப் பாலில் மிதக்கவிட்டு உலர் ரப்பர் எவ்வளவு என்றுதான் பார்ப்பார்கள். ஆனால் செம்பில் சிக்கல் இரட்டிப்பு. ஈரத்தை விரட்டச் சூடாக்கினால் தூள் கறுத்து ஆக்சைடு ஆகிறது, எடை மறுபடி ஏறுகிறது. முழுவதும் ஆக்சைடானால் 4.55 கிராம் 5.70 ஆகிவிடும். கூடுதல் எடை தண்ணீரா ஆக்சிஜனா என்று தராசு சொல்லாது.

தீர்த்து வைத்தது ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். கரைசலை வடித்து, செம்பைத் தண்ணீரில் நன்றாக அலசி, காந்தம் காட்டிப் பார்த்தேன். ஒட்டவில்லை, உள்ளே இரும்பு மிச்சமில்லை. அப்புறம் தண்ணீரை எடுக்க ஆல்கஹாலில் சில தடவை கழுவி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்ட மூடி இறுக்கமான டப்பாவுக்குள் வைத்தேன். வடிதாள் வேண்டவே வேண்டாம், இந்த ஊர்க் காற்றில் தாளே ஈரம் குடித்து எடை கூடும். முன்பே நிறுத்து வைத்த சின்னக் கண்ணாடிக் கிண்ணம்தான் சரி. அடுத்தடுத்த இரண்டு நிறுவையும் ஒத்துப்போகும்வரை விடவில்லை: 4.41 கிராம், நல்ல சால்மன் நிறம்! குறைந்த 0.14 கிராமில் பெரும்பகுதி வடிக்கும்போது ஓடிய நுண்தூள் என்றே நினைக்கிறேன்.

நிறமாறும் சிலிக்கா ஜெல்லையே வாங்குங்கள். ஆரஞ்சு பச்சையானால் ஈரம் குடித்துவிட்டது என்று தெரிந்துகொண்டு, சூடேற்றி மறுபடி பயன்படுத்தலாம். மிஞ்சிய நீலக் கரைசலைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள், செம்பு மீன்களுக்கு விஷம். இன்னும் கொஞ்சம் இரும்பு நூலைப் போட்டு வைத்திருக்கிறேன், நீலம் முழுக்கப் போகட்டும்.

அடுத்தது குளிர்பான டின்னிலிருந்து படிகாரம். 1 கிராம் அலுமினியத்துக்கு 17.58 கிராம் வர வேண்டும், அதில் ஏறக்குறைய பாதி எடை படிகத்துக்குள் கட்டுண்ட தண்ணீர். அதை ஓட்டாமல் மேல் ஈரத்தை மட்டும் எப்படி உலர்த்துவது என்பதைத்தான் இப்போது யோசித்துக்கொண்டிருக்கிறேன்.