சோளகக் காலத்து வன்னி: ஒரு சைக்கிள் நாட்குறிப்பு

மே 18

இன்று பயணம் இல்லை. வன்னியெங்கும் கஞ்சி காய்ச்சும் நாள். அரிசி, தண்ணீர், உப்பு, அவ்வளவுதான். தாளிப்பதில்லை, ஒன்றும் தூவுவதில்லை. 2009இல் முள்ளிவாய்க்காலில் வரிசையில் நின்ற சனத்துக்குக் கிடைத்த கஞ்சி அப்படித்தான் இருந்தது. தெருவோரத்தில் சிரட்டையில் தருவார்கள். வாகனத்தில் வருபவர்கள் பாட்டை நிறுத்தி, இறங்கி, வாங்கிக் குடித்துவிட்டுப் போகலாம். யார், எந்த ஊர் என்று யாரும் கேட்பதில்லை.

மே 24

விடுமுறைக்கு வரும் உறவுகளில் பாதிப்பேர் கண்டி–யாழ்ப்பாணம் ஏ9 வீதியைப் பார்த்துவிட்டு வன்னியைப் பார்த்ததாகச் சொல்கிறார்கள். முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் (நிலக்கடலை) வாங்கி, கிளிநொச்சியில் ஒரு தேத்தண்ணீர் குடித்தால் இரண்டு மணித்தியாலத்தில் வன்னி முடிந்துவிடும். வீதியை விட்டு நாலைந்து கிலோமீற்றர் உள்ளே இறங்கினால்தான் குளமும் வயலும் காடும் தொடங்கும். அதற்குச் சைக்கிளைப் போல ஒன்றும் இல்லை. குளக்கட்டில் கார் போகாது. மோட்டார்ச் சைக்கிள் போகும், ஆனால் அந்தச் சத்தத்தில் பறவையும் நிற்காது, காடும் கேட்காது.

கியர் வைத்த சைக்கிள் தேவையில்லை, நிலம் பெரும்பாலும் சமதரை. கரியர் பலமாக இருக்கவேண்டும். பின் ரயர் தேய்ந்திருந்தால் புறப்படுமுன் மாற்றிவிடுங்கள். கிறவல் வீதியில் முதலில் கிழிவது அதுதான். பையில் ஒரு புது ரியூப், ஒட்டு, சொலூசன், உரஞ்சுதாள், காற்றடிக்கும் கைப்பம், 10, 13, 15 திருகுசாவிகள். தண்ணீர் ஆளுக்கு 3 லீற்றர், கொதிக்கவைத்து ஆறியது. வன்னிக் கிணறுகள் பலவற்றில் தண்ணீர் கடினம், சுண்ணாம்புத் தன்மை கூட. பழகாத வயிறு இரண்டாம் நாளே சொல்லிவிடும்.

காற்றுப்போவதற்குக் காரணம் பெரும்பாலும் நெருஞ்சி. அறுவடை முடிந்த வயலோரப் பாதையில் காய்ந்த நெருஞ்சிமுள் மண்ணின் நிறத்திலேயே கிடக்கும். ஒட்டுப்போட்டு அரைக் கிலோமீற்றர் போகுமுன் திரும்பவும் காற்றுப்போனால், முள் இன்னும் ரயருக்குள் இருக்கிறது என்று பொருள். ரியூப்பை எடுத்ததும் ரயரின் உட்புறத்தைப் பெருவிரலால் மெதுவாக ஒரு சுற்றுத் தடவுங்கள். முள்ளின் தலை வெளியே ஒடிந்திருக்கும், நுனி மட்டும் அரிசிக் குருணை அளவில் உள்ளே நீட்டி நிற்கும். நகத்தால் வராது, சிறிய குறடு வேண்டும். பிறகு ரியூப்பை உரஞ்சி, சொலூசனை மெல்லிய படையாகப் பூசி, விரலில் ஒட்டாத அளவுக்குக் காயவிட்டு ஒட்டவேண்டும். ஈரத்தோடு ஒட்டிய ஒட்டு மத்தியான வெயிலில் கழன்றுவிடும். இறுக்கிக் காற்றடித்த சைக்கிளையும் வெயிலில் விடக்கூடாது.

மே 31

இரணைமடு. கனகராயன் ஆற்றை மறித்து 1902இல் தொடங்கி 1920இல் முடித்த குளம். கிளிநொச்சி வயல்களுக்குச் சோறு இங்கிருந்துதான். ஏ9இல் இரணைமடுச் சந்தியால் கிழக்கே திரும்பினால் கட்டுக்குப் போகலாம். காலை ஆறு மணிக்குக் கட்டில் நின்றால் வடக்கே வயல், தெற்கே தண்ணீர், நடுவில் நாம். பக்கத்தில் கனகாம்பிகை அம்மன் கோவில் மணி கேட்கும்.

குளிப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுதவேண்டும், ஏனென்றால் ஆட்கள் சாவது இதில்தான்.

துருசுக்கு (தண்ணீர் திறந்துவிடும் மதகுக்கு) முன்னால், அதாவது குளத்துப் பக்கம், இறங்கவே கூடாது. மேலே தண்ணீர் அசையாமல் கிடக்கும், அடியில் இழுக்கும். நல்ல நீச்சல்காரரையும் அது விடாது. துருசுக்குக் கீழே தண்ணீர் விழும் இடத்திலும் கிடங்கு விழுந்திருக்கும், அங்கும் வேண்டாம். வாய்க்காலில் ஒரு நூறு யார் தூரம் தள்ளி, தண்ணீர் நேராக ஓடும் இடத்தில், இடுப்பளவு ஆழத்தில் இருந்து குளிப்பதுதான் சுகம். சிறுபோகத்துக்கு (கோடை நெற்செய்கைக்கு) தண்ணீர் முறைவைத்து விடுவார்கள். இன்று ஓடும் வாய்க்கால் நாளை காயும். முறை தொடங்கும் நேரத்தில் முழங்கால் தண்ணீர் சில நிமிடத்தில் நெஞ்சுக்கு வந்துவிடும். வயலில் நிற்பவர்களிடம் "ஐயா, இண்டைக்கு முறை எந்தப் பக்கம்?" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். மண்வெட்டியை ஊன்றிவிட்டு முழு விபரமும் சொல்வார்கள். இன்று ஒரு பெரியவர் சொன்னது: "தம்பி, பிள்ளையளோட வந்தா வாய்க்கால் கட்டில ஒராள் இருக்கவேணும். எல்லாரும் ஒண்டா இறங்காதேங்கோ."

சிறிய குளங்களில் ஆபத்து வேறு. தாமரைக்கொடி காலைச் சுற்றும். வற்றும்போது மண் எடுத்த கிடங்குகள் தண்ணீருக்கு அடியில் மறைந்திருக்கும். முழங்கால் தண்ணீரில் நடந்துபோனவர் அடுத்த அடியில் காணாமல் போவது அதனால்தான். வற்றுக் காலத்தில் முதலைகளும் மிஞ்சிய தண்ணீரில் கூடும். கரைச் சேற்றில் வழுவழுவென்று வயிறு இழுத்த தடமும் இரு பக்கம் நகக்கால் அடையாளமும் தெரிந்தால் அந்தக் கரை நமக்கில்லை.

குளித்து முடிந்ததும் உடனே சைக்கிளில் ஏறாதீர்கள். கால்மணி நேரம் வாய்க்கால் கட்டில் காற்றுக்கு இருங்கள். சோளகம் (இந்தக் காலத்துத் தென்மேற்குக் காற்று) ஈரத்தலையில் படும் அந்தக் கால்மணி நேரத்தில் ஒரு கிழமைக் களைப்புப் போய்விடும்.

யூன் 5

வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் பொங்கல் நெருங்கிவிட்டது. சிலாவத்தைக் கடலில் எடுக்கும் உப்புநீரை முள்ளியவளை காட்டு விநாயகர் கோவிலில் வைத்து, அந்த நீரில் விளக்கு எரிப்பார்கள். பிறகு வைகாசித் திங்கட்கிழமை வற்றாப்பளையில் பொங்கல். தொண்டைமானாறு செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்குக் கால்நடையாகப் போகும் அடியார்களும் இந்தப் பொங்கலைக் கண்டுவிட்டுத்தான் தெற்கே நடப்பார்கள். கோவில் நந்திக்கடலின் கரையில். பகல் மணல் காலைச் சுடும். பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு வந்து, இரவு தங்கி, விடியப் புறப்படுவது நல்லது. பாய் ஒன்று, ரோச் ஒன்று, மாற்றுடுப்பு ஒன்று. செருப்பை எங்கே விட்டோம் என்று நினைவில் வைக்க முயலவேண்டாம், பையில் போட்டுக் கையோடு வைத்திருங்கள்.

யூன் 15

மாங்குளம் – முல்லைத்தீவு வீதி, ஏறத்தாழ 50 கிலோமீற்றர். இந்தக் காலத்தில் காற்று தென்மேற்கு. போகும்போது முதுகில் தள்ளும், திரும்பும்போது நெஞ்சில் அறையும். அதனால் ஒரே நாளில் போய்த் திரும்பத் திட்டமிட்டால் சரிவராது. போவது சைக்கிளில், இரவு முல்லைத்தீவில், திரும்புவது விடிய நாலரைக்கு. பத்து மணிக்குப் பிறகு காற்று எழும்பிவிடும், அதற்குள் ஒட்டுசுட்டானைத் தாண்டியிருக்கவேண்டும். விடியற்புறம் யானை இருக்குமே என்றால், ஆம், இருக்கும். தனியாகப் போகாமல் பாற்காரர், மீன்காரர் போகும் நேரம் பார்த்து அவர்களோடு சேர்ந்து போவதுதான் ஊர்வழக்கம். வீதியில் ஆவி பறக்கும் இலத்தி கண்டால் நின்று, பின்னால் வரும் வாகனத்துக்குக் காத்திருங்கள்.

ஒட்டுசுட்டானில் தான்தோன்றீச்சரம். குரக்கன் அறுத்த ஒட்டைச் சுட்டபோது இலிங்கம் வெளிப்பட்டதென்றும் ஊர்ப்பெயர் அதனால் வந்ததென்றும் சொல்வார்கள். கோவில் மரநிழல் வழிப்போக்கருக்கு எப்போதும் திறந்தது. இங்கிருந்து முத்தையன்கட்டுக்குத் திரும்பலாம். பேராற்றை மறித்த குளம் அது, காட்டுக்குள் ஒளித்துவைத்தது போலக் கிடக்கும்.

ஒன்றை மறக்கவேண்டாம். பழகிய பாதையை விட்டுக் காட்டுக்குள் கால் வைக்காதீர்கள். மிதிவெடி எடுத்து முடியாத இடங்களில் சிவப்புப் பலகையில் மண்டையோடு போட்டிருக்கும். பலகை இல்லை என்பதற்காகப் புதிய தடம் வெட்டக்கூடாது. மாட்டுத்தடமும் சைக்கிள் தடமும் இருக்கும் பாதை போதும்.

யூன் 16

முல்லைத்தீவுக் கடல் இப்போது தணிந்திருக்கிறது, காற்று கரையிலிருந்து கடலுக்கு அடிப்பதால். கார்த்திகை, மார்கழியில் இதே கடலில் கால் நனைக்கவும் வேண்டாம். இன்றும் கழுத்தளவு போகவேண்டாம், கரை சட்டென்று சரியும். காற்றுக் கரையிலிருந்து அடிப்பதால் ரியூப்போ பந்தோ மிதந்து போனால் பின்னால் நீந்தாதீர்கள், அது திரும்பி வராது.

யூன் 28

பாலைப்பழம்! வைகாசி முடிவிலிருந்து ஆடி நடுவரை இந்த மண்ணின் இனிப்பு இதுதான். வீதியோரத்தில் சுண்டு என்ற சிறிய அளவையால் அளந்து விற்கிறார்கள். வாங்கும்போது மஞ்சளாக, தோல் சற்றுச் சுருங்கியதைப் பாருங்கள். பளபளவென்று இறுகி இருந்தால் பால் வற்றவில்லை. அப்படியானதை அகலமான சுளகில் பரப்பி நிழலில் அரைநாள் விடவேண்டும். வெயிலில் வைத்தால் புளித்துவிடும்.

சாப்பிட முன் உதட்டில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். பால் ஒட்டிவிட்டால் தண்ணீரால் கழுவினால் இன்னும் இறுகும், எண்ணெய்தான் கழற்றும். வெறும் வயிற்றில் வேண்டாம். ருசியில் அளவு தப்பினால் நாக்கும் உதடும் வெடித்து, அடுத்த நாள் புளி வாயில் வைக்க இயலாது.

பாணி காய்ச்சுவதென்றால்: பழத்தைக் கழுவி, கொட்டை உடையாமல் கையால் பிசைந்து, பழத்தில் அரைவாசி அளவு தண்ணீர் விட்டு, வெள்ளைத் துணியில் பிழியவேண்டும். கொட்டை உடைந்தால் கைக்கும். பிழிந்ததை அடி தடித்த சட்டியில் மெல்லிய நெருப்பில் வையுங்கள். கொதி வந்ததும் பால் நுரையாக மேலே கட்டும். அதைப் பொறுமையாக அகப்பையால் எடுத்துக்கொண்டே இருக்கவேண்டும். விட்டால் பாணி முழுக்கப் பிசினாகிப் பல்லில் ஒட்டும். கால்வாசியாக வற்றி, அகப்பையிலிருந்து துளி நூலாக இறங்கும்போது இறக்கலாம். ஈரமில்லாத போத்தல் முக்கியம். ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் பூஞ்சணம் பிடிக்கும். புட்டோடு இதைத் தொட்டுச் சாப்பிட்டவருக்கு வேறு இனிப்பு கேட்கத் தோன்றாது.

காட்டில் நேரே பொறுக்கப் போவோர் கவனிக்கவேண்டியது கரடி. பாலைப்பழம் அதற்கும் உயிர். மரப்பட்டையில் புதிய நகக்கீறல் இருந்தால், கீறலில் பால் இன்னும் வெள்ளையாக வடிந்தால், அந்த மரம் அதனுடையது. விடியவும் மாலையும் போகாமல், வெயில் ஏறியபின் மூன்று நாலு பேராகக் கதைத்துக்கொண்டு போனால் அது விலகிவிடும். சத்தமில்லாமல் போய்த் திடீரென்று முன்னால் நிற்பதுதான் ஆபத்து. கொப்பு வெட்டவேண்டாம். படங்கை விரித்து, கொப்பில் கயிறு போட்டு உலுப்பினால் பழுத்தது மட்டும் விழும், அடுத்த வருடமும் மரம் இருக்கும்.

யூலை 2

மடுமாதா ஆடித் திருவிழா. சைவர்களும் போகும் கோவில். ஓகஸ்ட் 15 ஆவணித் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு போய்த் தங்குவோர் மரத்தடி இடத்தை ஒரு கிழமை முன்னமே பிடிக்கவேண்டும். தறப்பாள், கயிறு, தண்ணீர் பிடிக்க மூடியுள்ள வாளி இரண்டு. அடுப்பு மூட்டக் குறித்த இடத்தைத் தவிர வேறெங்கும் நெருப்பு வேண்டாம், இலைச்சருகு இப்போது வைக்கோலைப் போலக் கிடக்கிறது.

யூலை 13

குளத்து மீன். விடிய ஆறரைக்கும் எட்டுக்கும் இடையில் தோணி கரைக்கு வரும். யப்பான் மீன் (திலாப்பியா) 1952இல் கொண்டுவந்து விட்டது, இன்று வன்னிக் குளம் அதில்லாமல் இல்லை. விரால் கிடைத்தால் விடாதீர்கள்.

யப்பான் மீனில் சேற்று மணம் என்று முகம் சுளிப்பவர்கள் வயிற்றைப் பிளந்து பார்க்கவேண்டும். குடலை எடுத்தபின் உள்ளே கறுப்பாக ஒரு மெல்லிய சவ்வு ஒட்டியிருக்கும். அதைக் கத்தி முதுகால் சுரண்டி, வெள்ளைச் சதை தெரியும்வரை எடுக்கவேண்டும். பிறகு உப்பும் பழப்புளியும் போட்டு உரஞ்சி, பத்து நிமிடம் வைத்துக் கழுவினால் மணம் போய்விடும். ஒரு கிலோ மீனுக்குத் தேசிக்காய் அளவு பழப்புளி, மூன்று மேசைக்கரண்டி கறித்தூள், சின்ன வெங்காயம் பதினைந்து, வெந்தயம் ஒரு சிட்டிகை. மண்சட்டியில் புளிக்கரைசல் கொதித்தபின்தான் மீன். அகப்பை போடாமல் சட்டியைப் பிடித்துச் சுழற்றுங்கள், இல்லையென்றால் சதை கரைந்து முள்ளும் குழம்பும் ஒன்றாகிவிடும். தேங்காய்ப்பால் கடைசியில், ஒரு கொதிதான். மொட்டைக்கறுப்பன் அரிசிச் சோறு இருந்தால் வேறு கறி வேண்டாம்.

யூலை 27

மத்தியானத் தூக்கத்துக்கு மரம் தெரிவு செய்வதில் ஆட்கள் பிழைவிடுகிறார்கள். மாடு படுத்தெழும்பிய நிழல் எவ்வளவு குளிர்ந்தாலும் வேண்டாம், உண்ணி ஏறும். சாணமும் மிதித்துப் பொடியான மண்ணும் அடையாளம். இலைகள் கோத்துக் கூடுகட்டிய கொப்பின் கீழும் வேண்டாம், முசுறு எறும்பு இருக்கும். வாய்க்காலோர மருதுதான் முதல் தெரிவு: வேரே தலையணை, தண்ணீர் பக்கத்தில். பாய் விரிக்குமுன் நிமிர்ந்து பட்ட கொப்பு இருக்கிறதா என்று பாருங்கள். சோளகம் அதை முறிக்கும் காலம் இது.

ஓகஸ்ட் 17

சிறுபோக நெல் முற்றிவிட்டது. கடைசி முறையும் முடிந்து துருசைப் பூட்டியாயிற்று. வாய்க்காலில் இப்போது கணுக்கால் தண்ணீரும் குஞ்சுமீனும் கொக்கும்தான். இனிக் குளிக்கக் கிணற்றடிதான். சைக்கிள் சங்கிலியை மண்ணெண்ணெயில் கழுவி எண்ணெய் விட்டேன், கிறவல் தூசி சிவப்பாகக் கரைந்து வந்தது. சுண்டிக்குளத்துக்குப் பறவைகள் வர நவம்பர் ஆகும். குளங்கள் நிரம்பி வான் பாயும்போது குளக்கட்டில் எங்கே நின்று பார்ப்பது, எந்தப் பாலத்தைத் தாண்டக்கூடாது என்பதையெல்லாம் மார்கழியில் எழுதுகிறேன்.