அம்மாவின் ரத்தக் கொதிப்பை ஒழுங்காக அளக்க வைப்பதற்குள்

அம்மாவின் மருத்துவச் சீட்டுகளை வரிசையாக அடுக்கிப் பார்த்தால் எல்லாவற்றிலும் ஒரே எண்: 130/80. காய்ச்சலோடு போன நாளிலும் அதே, நன்றாக இருந்த நாளிலும் அதே. ரத்த அழுத்தம் ஒரே நாளுக்குள்ளேயே ஏறி இறங்கக் கூடியது. வருடக்கணக்கில் ஒரே எண் வருகிறது என்றால் யாரும் ஒழுங்காக அளக்கவில்லை என்றுதான் அர்த்தம்.

அளந்த விதத்தையும் பார்த்தேன். நடந்து வந்த களைப்பு ஆறுவதற்குள் முதுகு சாய இடமில்லாத ஸ்டூலில் உட்கார வைத்தார்கள். உடுப்பின் கைமேலேயே பட்டையைச் சுற்றிவிட்டுப் பெயரும் வயதும் கேட்டுக்கொண்டே காற்றை அடித்தார்கள். பிறகு ஒரே மூச்சில் உஸ்ஸென்று திறந்துவிட்டார்கள். முள் விழுந்த வேகத்தில் எந்தச் சத்தம் எங்கே கேட்டிருக்கும்? அப்படி அவசரமாக இறக்கினால் மேல் அளவு உள்ளதைவிடக் குறைந்து பதிவாகும். ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்து, முதுகைச் சாய்த்து, பாதங்களைத் தரையில் வைத்து, கையை நெஞ்சு உயரத்தில் தாங்கி, பேசாமல் அளப்பதுதான் முறை.

வீட்டுக்கு ஒரு டிஜிட்டல் கருவி வாங்கினோம். காலையில் இரண்டு முறை, மாலையில் இரண்டு முறை என்று ஒரு வாரம் அளந்து, முதல் நாளைத் தள்ளிவிட்டுச் சராசரி எடுத்தோம். வீட்டில் 135/85 வந்தாலே அதிகம்தான். அம்மாவுக்குக் காலை அளவுகள் 150-ஐத் தாண்டின. அளவுகளை எழுதி வைத்த நோட்டை மருத்துவமனையில் நீட்டினால், "வீட்டு மெஷினை எல்லாம் நம்பாதீர்கள்" என்று ஊழியர் அதைத் திறக்காமலேயே திருப்பிக் கொடுத்தார். அந்த அலட்சியத்தை நினைத்தால் இன்னும் மனம் ஆறவில்லை.

அடுத்த முறை கருவியையே தூக்கிக்கொண்டு போனோம். டாக்டர் எதிரிலேயே, அதே கையில், அவர்கள் கருவியும் எங்கள் கருவியும் மாறி மாறி அளந்தன. வித்தியாசம் அற்பம். டாக்டர் நோட்டை முழுவதும் படித்தார். மருத்துவமனையில் சரியாகத் தெரிந்து, வெளியே ஏறி நிற்கும் மறைமுகக் கொதிப்பாக இருக்கலாம் என்றார். அதுவும் இதயத்தைப் பாதிக்கும். எண் நன்றாகத் தெரிவதால் யாரும் தேடுவதில்லை. உங்களிடமும் நோட்டு இருந்தால் கருவியோடு போங்கள்.

அதை உறுதி செய்ய, பகலும் இரவும் தானாகவே அழுத்தத்தை அளக்கும் 24 மணி நேரக் கருவியைப் பொருத்தினார்கள். முதல் தடவை அது வீணாயிற்று. அம்மாவின் மெலிந்த கைக்குப் பெரிய பட்டையைக் கட்டி அனுப்பிவிட்டார்கள். இரவெல்லாம் அது நழுவிக்கொண்டே இருந்தது. பகலில் 20, தூக்கத்தில் 7 அளவுகளாவது தேறினால்தான் அறிக்கை செல்லுபடியாகும். எங்களுக்குத் தேறவில்லை. பொருத்தும்போதே கையின் சுற்றளவை அளந்து பட்டையைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். சிறிய பட்டை கூட்டிக் காட்டும், பெரியது குறைத்துக் காட்டும்.

மறுமுறை எல்லாம் சரியாகப் பதிவானது. தூக்கத்தில் அழுத்தம் பத்து சதவீதத்துக்கு மேல் இறங்க வேண்டும். அம்மாவுக்கு இறங்கவே இல்லை. ஈசிஜியில் கோளாறு எதுவும் தெரியவில்லை. எக்கோ என்ற இதய ஸ்கேனில்தான் இதயத்தின் இடது கீழறைச் சுவர் தடிக்கத் தொடங்கியிருப்பது தெரிந்தது. கூடுதல் அழுத்தத்தை எதிர்த்து ரத்தத்தைத் தள்ளித் தள்ளித் தசை தடிக்கிறது. அப்படியே விட்டால் இதயச் செயலிழப்பு வரை கொண்டுபோகும். நெஞ்சுவலி, மூச்சிரைப்பு எதுவும் அம்மாவுக்கு இருந்ததில்லை. அந்தக் காலை நேர எண்கள் மட்டுமே எச்சரித்தன. அழுத்தத்தைக் கட்டுக்குள் வைத்தால் தடிப்பு குறையவும் வாய்ப்புண்டு என்று டாக்டர் சொன்னபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

மாத்திரை தொடங்கியாயிற்று, காலை அளவுகள் இறங்கிவிட்டன. இன்னும் ஒன்று பாக்கி: இதுவரை யாரும் இரண்டு கைகளிலும் அளந்து பார்க்கவில்லை. மேல் அளவில் 10-க்கு மேல் வித்தியாசம் திரும்பத் திரும்ப வந்தால், கூடுதலாகக் காட்டும் கையில்தான் இனி அளக்க வேண்டும். வித்தியாசம் இன்னும் பெரிதாக இருந்தால் ரத்தக் குழாயில் அடைப்பு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டியிருக்கும். அடுத்த முறை அதை அளக்காமல் நாற்காலியை விட்டு நாங்கள் எழுந்திருக்கப் போவதில்லை.