செம்பு வலையில் நானோ இழைகள் வளர்த்து வெப்பக் குழாய் செய்து பார்த்த அனுபவம்

விசிறி இல்லாத சிறு கணினி ஒன்றைக் குளிர்விப்பதற்காக, நான்கு மாதங்களாக வீட்டிலேயே வெப்பக் குழாய் செய்ய முயன்று வருகிறேன். இதுவரை செய்த ஏழு குழாய்களுள் நம்பி அளக்கத்தக்கவையாக மூன்றே தேறின.

காற்றை நீக்கிய செம்புக் குழாயில் சிறிதளவு நீரை விட்டு மூடினால், அந்த நீர் சூடான முனையில் ஆவியாகிக் குளிர்ந்த முனையில் மீண்டும் நீராகும். உட்சுவரை ஒட்டியிருக்கும் வலைத் திரி அதை நுண்புழை ஈர்ப்பால் சூடான முனைக்குத் திருப்பிக் கொண்டுவரும். 20 வாட் வெப்பத்தைச் சுமக்க நிமிடத்துக்கு அரை கிராம் நீர் ஆவியானால் போதும். என் குழாயின் அளவே உள்ள திடமான செம்புத் தண்டு அதே வெப்பத்தைக் கடத்த வேண்டுமானால், இரு முனைகளுக்கும் இடையே ஏறத்தாழ 175 டிகிரி வேறுபாடு தேவைப்படும்.

ஏசி பழுதுபார்ப்போர் பயன்படுத்தும் 9.5 மில்லிமீட்டர் செம்புக் குழாயை 250 மில்லிமீட்டர் நீளத்துக்கு வெட்டி, ஒரு முனையைப் பற்றவைத்து மூடி, 100 மெஷ் (அங்குலத்துக்கு 100 கண்கள்) செம்பு வலையை இரண்டு சுற்றாகச் சுருட்டி உள்ளே செலுத்தினேன். காற்றை வெளியேற்ற 4 கிராம் காய்ச்சி வடித்த நீரை ஊற்றிக் கொதிக்கவிட்டு, தராசில் 2 கிராம் மிஞ்சியதும் வாயை நசுக்கி ஈயம் வைத்து அடைத்தேன். முதல் நான்கு குழாய்கள் வீணானது இந்தக் கட்டத்தில்தான். நசுக்க ஒரு நொடி தாமதித்தாலும் காற்று புகுந்துவிடும். பிறகு அது குளிரும் முனையில் போய்த் தேங்கிக்கொள்வதால், குழாயின் கடைசிப் பகுதி கையால் தொட்டாலே தெரியும்படி குளிர்ந்தே கிடக்கும்.

தேறிய மூன்றில் முதலாவது வெறும் வலை கொண்டது. இரண்டாவதில் 2 கிராம் நீரில் அரை சதவீதம் அலுமினா (அலுமினிய ஆக்சைடு) நானோ துகளைக் கலந்தேன். மூன்றாவதில் நீரை மாற்றவில்லை. வலையையும் குழாயின் உட்சுவரையும் மாற்றினேன். லிட்டருக்கு 100 கிராம் காஸ்டிக் சோடாவும் 23 கிராம் அம்மோனியம் பெர்சல்பேட்டும் கரைத்த நீரில் வலையைப் பதினைந்து நிமிடம் ஊறவைத்தபோது, செம்பின் மேல் வெளிர்நீல இழைகள் படர்ந்தன. கழுவி 180 டிகிரியில் இரண்டு மணி நேரம் சூடாக்கியதும் அவை கறுத்துச் செம்பு ஆக்சைடாயின. கரைசலிலிருந்து அம்மோனியா நெடி எழும் என்பதால் இதை மொட்டை மாடியில், கையுறையும் கண்ணாடியும் அணிந்தே செய்தேன். அடைத்த அறையில் யாரும் செய்ய வேண்டாம்.

3டி பிரிண்டரின் சூடேற்றியை 8.5 வோல்ட்டில் இயக்கி 20 வாட் கொடுத்து, குழாயைக் கிடைமட்டமாக வைத்து அளந்தபோது, இரு முனைகளுக்கும் இடையிலான வேறுபாடு வெறும் வலையில் 8.2 டிகிரியாகவும், அலுமினா கலந்ததில் 6.0 டிகிரியாகவும், ஆக்சைடு இழைகள் கொண்டதில் 5.1 டிகிரியாகவும் இருந்தது. எனக்கு இதைவிட முக்கியமாகப் பட்டது சாய்வுச் சோதனை. சூடான முனை மேலே இருக்குமாறு பத்து டிகிரி சாய்த்தால், திரி நீரைப் புவியீர்ப்புக்கு எதிராக ஏற்ற வேண்டியிருக்கும். வெறும் வலை 16 வாட்டிலேயே வறண்டு, அதன் சூடான முனையின் வெப்பநிலை திடீரென ஏறத் தொடங்கியது. ஆக்சைடு வலையோ 22 வாட் வரை தாங்கியது.

அலுமினா ஏன் பயன் தந்தது என்பதை அறிய அந்தக் குழாயை அறுத்துப் பார்த்தேன். நீர் கிட்டத்தட்டத் தெளிவாக இருந்தது. துகள்களில் பெரும்பகுதி சூடான முனையின் வலையில் வெள்ளைப் படலமாக ஒட்டியிருந்தது. 1995-இல் அமெரிக்காவின் ஆர்கான் தேசிய ஆய்வகத்தின் ஸ்டீபன் சோய், நானோ துகள் கலந்த திரவத்துக்கு நானோ திரவம் என்ற சொல்லை முன்வைத்ததிலிருந்து, திரவத்தின் வெப்பக் கடத்துதிறன் உயர்வதைப் பற்றியே அதிகம் பேசப்பட்டது. ஆனால் 30-க்கும் மேற்பட்ட ஆய்வு அமைப்புகள் ஒரே மாதிரிகளை அளந்து 2009-இல் வெளியிட்ட முடிவுகளில், அந்த உயர்வு பழைய கோட்பாடு சொல்லும் அளவிலேயே இருந்தது. வெப்பக் குழாயில் வேலை செய்வது இந்தப் படலம்தான் என்றே நான் கருதுகிறேன். ஈரம் பிடிக்கும் நுண்துளைப் பரப்பில் நீர் மெல்லிய ஏடாகப் பரவி எளிதில் ஆவியாகிறது. அப்படியானால், துகளை நீரில் கலந்து அது தானாகப் படியட்டும் என்று காத்திருப்பதைவிட, வலையின் மேலேயே இழைகளை வளர்த்துவிடுவது நேர்வழி.

அந்தப் பரப்பும் எளிதில் கெட்டுவிடக்கூடியது. இரண்டு வாரம் திறந்த அலமாரியில் வைத்திருந்த ஆக்சைடு வலையில் நீர்த்துளி பரவாமல் உருண்டு நின்றது. காற்றிலுள்ள கரிமப் பொருள்கள் படிந்து ஈரம் பிடிக்கும் தன்மையை மறைத்துவிடுகின்றன. 200 டிகிரியில் மீண்டும் சூடாக்கியபின் துளி பழையபடி பரவியது. ஆகவே இப்போது அடுப்பிலிருந்து எடுத்த வலையை அன்றைக்கே குழாய்க்குள் வைத்து மூடிவிடுகிறேன்.

ஒவ்வொரு வகையிலும் ஒரே ஒரு குழாயைத்தான் அளந்திருக்கிறேன். மேலும் மூன்று ஆக்சைடு குழாய்களுக்கு வலை வெட்டி வைத்திருக்கிறேன். அவையும் 22 வாட்டை எட்டினால், இரண்டைக் கணினியின் செயலி மேல் பொருத்துவேன்.