எந்த எனாமல், எதற்கு?

விமானம், டாங்கி போன்றவற்றின் சிறு பிளாஸ்டிக் வடிவமான ஸ்கேல் மாடலுக்கு எந்த நிறுவனத்தின் எனாமல் பெயின்ட் நல்லது என்று கேட்பவரிடம், அதை எதற்குப் பூசப் போகிறீர்கள் என்று திருப்பிக் கேட்பதே என் வழக்கம். முழு மாடலையும் பிரஷால் தீட்டுவதற்கும், ஏற்கெனவே தீட்டிய மாடலில் அழுக்கும் நிழலும் சேர்ப்பதற்கும் ஒரே பெயின்ட் பொருந்துவதில்லை.

பிரஷ் வேலைக்கு நான் முதலில் எடுப்பது ஹம்ப்ராலின் 14 மில்லி டின். 1919-இல் இங்கிலாந்தின் ஹல் நகரில் எண்ணெய் வணிகமாகத் தொடங்கிய நிறுவனம் அது. எனாமல் மெதுவாகக் காய்வதைப் பலர் குறையாகச் சொல்கிறார்கள். பிரஷ் பிடிப்பவருக்கோ அதுதான் வசதி. கரைப்பான் ஆவியான பிறகும் அதன் ரெசின் (நிறத்தைப் பிடித்து வைக்கும் பிசின்) காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்துதான் இறுகுகிறது என்பதால், பிரஷ் மயிர்களின் தடங்கள் தாமாகவே சமனாகிக்கொள்ள அவகாசம் கிடைக்கிறது. சில மணி நேரத்தில் தொட்டுப் பார்க்கலாம் என்றாலும், அடுத்த பூச்சுக்கு நான் ஒரு முழு நாளாவது விட்டுவிடுகிறேன். கிளாஸ் (பளபளப்பான) வகையானால் இன்னும் கூடுதலாக.

ரெவெல் நிறுவனத்தின் எனாமலும் 14 மில்லி டின்தான், தரத்திலும் சளைத்ததில்லை. ஆனால் ரெவெல் மாடல்களின் குறிப்புத் தாள் பல நிறங்களுக்கு இரண்டு டின்களை இத்தனை சதவீதம் என்று கலக்கச் சொல்கிறது. முக்கால் பங்கும் கால் பங்குமாகக் கலந்த நிறம் இறக்கையின் பாதியில் தீர்ந்துவிட்டால், அதே நிறத்தை மறுபடி கொண்டுவருவது எத்தனை பாடு என்பது பட்டவருக்குத்தான் தெரியும். நிற எண்களும் ஒத்துப்போவதில்லை: மேட் (பளபளப்பற்ற) கறுப்பு ஹம்ப்ராலில் 33, ரெவெலில் 8. ஒப்பீட்டு அட்டவணைகள் 'நெருங்கிய நிறம்' என்று காட்டுவதை 'அதே நிறம்' என்று நம்பாமல், வீணாகும் பிளாஸ்டிக் துண்டொன்றில் தீட்டி, காய்ந்த பிறகு பார்த்து முடிவெடுப்பதே நல்லது. ஏர்ஃபிக்ஸ் மாடல் கட்டுபவருக்கு இந்தத் தலைவலி குறைவு. அதன் தாளிலேயே ஹம்ப்ரால் எண்கள் இருக்கும்.

டமியா நிறுவனத்தின் 10 மில்லி எனாமல் புட்டியை அடிப்படை நிறத்துக்கு நான் பயன்படுத்துவதில்லை. அக்ரிலிக் அல்லது லாக்கர் என்ற வேறு வகைப் பெயின்டின் பூச்சு நன்றாக இறுகிய பின், தண்ணீர் போல நீர்க்கக் கலந்த எனாமலைப் பேனல் கோடுகளில் (தகடுகள் சேருமிடத்தைக் காட்டும் பள்ளங்களில்) ஓடவிட்டு, மிகுந்ததைத் தின்னர் (பெயின்டை நீர்க்கச் செய்யும் திரவம்) தொட்ட பஞ்சால் துடைத்தால், கோட்டுக்குள் இருப்பது மட்டும் தங்கும். அடியிலுள்ள நிறம் கலையாது. இந்த வேலையில் அதற்கு நிகரில்லை என்பது என் கணிப்பு. ஆனால் அதே நிறுவனத்தின் அக்ரிலிக்கும் எக்ஸ்எஃப்-1 போன்ற அதே குறியீடுகளில்தான் வருகிறது. தின்னரும் எனாமலுக்கு எக்ஸ்-20, அக்ரிலிக்குக்கு எக்ஸ்-20ஏ. அந்தக் கடைசி எழுத்தைக் கவனித்தே வாங்க வேண்டும். இன்னொன்று: எந்த எனாமல் தின்னரானாலும், இழுவிசையில் இருக்கும் பிளாஸ்டிக் இணைப்புகளில் தேங்கினால் விரிசல் விட வைக்கலாம். ஒருமுறை இப்படி நீர்த்த எனாமலை (இதையே வாஷ் என்பார்கள்) தாராளமாகப் பூசிவிட்டுக் காலையில் பார்த்தபோது, விமானத்தின் சக்கரக் கால் அடியோடு ஒடிந்து கிடந்தது.

நிறுவனத்தைப் பழிப்பதற்கு முன் டின்னின் அடியைப் பார்ப்பது நல்லது. மேட் தன்மையைத் தரும் பொடி கனமானது. அடியில் களிமண் போலப் படிந்துவிடும். மேலாகக் கிண்டி எடுத்தால், மேட் என்று எழுதியிருந்தாலும் பளபளப்பாகவே காயும். என் முதல் டாங்கி எண்ணெய் தடவியது போல மின்னியதற்குக் காரணம் அதுதான். இப்போது தட்டையான உலோகக் குச்சியால் அடியைச் சுரண்டிச் சுரண்டி, குச்சியில் கட்டி ஒட்டுவது நிற்கும் வரை இரண்டு மூன்று நிமிடம் கிண்டுகிறேன். மூடும்போது விளிம்பைத் துணியால் துடைத்துவிட வேண்டும். அங்கே காய்ந்த பெயின்ட் மூடியை இறுக அமரவிடாது, உள்ளே காற்று புகுந்து ஏடு படிந்துவிடும்.