128 ஜிபி என்றால் எத்தனை மணி நேரம்?

போன மாதம் அக்கா மகளின் அரங்கேற்றம் வெள்ளவத்தையில் நடந்தது. நான்தான் வீடியோ எடுத்தேன். புஷ்பாஞ்சலியிலிருந்து வர்ணம், பதம் வரை எல்லாம் ஒழுங்காகப் பதிவாகியிருக்கிறது, தில்லானா மட்டும் இல்லை. மூன்றாவது மணி நேரம் முடிய இன்னும் கொஞ்சம் இருக்கும்போதே கமெராவில் கார்ட் நிறைந்துவிட்டது என்று வந்தது, கையில் வேறு கார்ட் இல்லை, மேடையில் பிள்ளை ஆடிக்கொண்டிருக்கிறாள். அந்த நிமிடத்தை நினைத்தால் இன்றைக்கும் வயிற்றைப் பிசைகிறது.

அதே 128 ஜிபி கார்டில்தான் முன்பு ஒரு கல்யாணத்தை காலையிலிருந்து மத்தியானம் வரை எடுத்தேன், இடம் மிச்சமிருந்தது. அதே கார்ட், அதே கமெரா, இந்த முறை மட்டும் ஏன் போதவில்லை? அன்றிரவு உட்கார்ந்து கணக்குப் பார்த்த பிறகுதான் விளங்கியது. கல்யாணத்தை 1080பியில் எடுத்திருந்தேன், கமெரா நொடிக்கு 50 மெகாபிட் எழுதியது. அரங்கேற்றம் நல்ல தெளிவாக இருக்கட்டும் என்று 4கேக்கு மாற்றினேன், அது நொடிக்கு 100 மெகாபிட். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட், அதனால் எட்டால் வகுத்தால் நொடிக்கு 12.5 மெகாபைட், நிமிடத்துக்கு 750, ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. 128ஐ 45ஆல் வகுத்துப் பாருங்கள், 2 மணி 50 நிமிடம்தான் வரும். 50 மெகாபிட்டில் அதே கார்ட் 5 மணி 40 நிமிடம் தாங்கும். பிரதம விருந்தினர் உரை, குருவுக்கு மரியாதை எல்லாம் சேர்ந்து நிகழ்ச்சி மூன்று மணி நேரத்தைத் தாண்டியது, தில்லானா வருவதோ கடைசியில்.

வீடியோ கசெட் காலத்தில் இந்தச் சிக்கலே இல்லை. அம்மா அப்பாவின் கல்யாணக் கசெட் இன்னும் வீட்டு அலுமாரியில் இருக்கிறது, அதன் முதுகில் ஈ-180 என்று இருக்கும். 180 என்றால் 180 நிமிடம், அவ்வளவுதான், யாரும் வகுக்கவும் தேவையில்லை பெருக்கவும் தேவையில்லை. பிறகு விசிடி வந்தபோதும் ஒரு தட்டில் 74 நிமிடம் என்று எல்லாருக்கும் தெரியும், அதனால்தான் ஒரு கல்யாணம் மூன்று தட்டாக வந்தது. டிவிடியில்தான் கணக்குக் கொஞ்சம் நெகிழத் தொடங்கியது: 4.7 ஜிபி தட்டில் நொடிக்கு 5 மெகாபிட் அளவில் வைத்தால் இரண்டு மணி நேரம், தரத்தைக் குறைத்தால் இன்னும் கூட. இப்போது கார்டில் நிமிடமே கிடையாது, ஜிபி மட்டும்தான். அதை நேரமாக மாற்றுவது எங்கள் பொறுப்பு.

போனிலும் இதே கதைதான். ஐபோன் செட்டிங்ஸில் கமெராப் பகுதிக்குப் போனால், வீடியோ ஒரு நிமிடத்துக்கு எவ்வளவு இடம் எடுக்கும் என்று அதிலேயே எழுதியிருக்கும். சுருக்கி எழுதும் புதிய முறையில் 1080பி நொடிக்கு 30 படம் என்றால் சுமார் 60 எம்பி, 4கே நொடிக்கு 60 படம் என்றால் சுமார் 400 எம்பி. ஒரே போனில் ஒரு மணி நேரம் 3.6 ஜிபியாகவும் இருக்கலாம், 24 ஜிபியாகவும் இருக்கலாம். 128 ஜிபி கார்டைக் கணினியில் போட்டால் 119 என்று காட்டுவதைப் பார்த்து ஏமாந்துவிட்டோம் என்று நினைக்க வேண்டாம். கார்ட் செய்பவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள், விண்டோஸ் 1024 ஆக எண்ணுகிறது, இடம் அதேதான். உண்மையான ஏமாற்று வேறு இருக்கிறது. மலிவாகக் கிடைக்கும் 512 ஜிபி கார்டுகள் சிலவற்றில் உள்ளே இருப்பது 16 ஜிபி மட்டும், அது நிறைந்த பிறகும் எழுதுவதுபோல் காட்டும், வீட்டுக்கு வந்து பார்த்தால் ஒன்றும் ஓடாது. புதுக் கார்ட் வாங்கினால் முதலில் முழுக்க நிரப்பி, திரும்ப வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் விசேஷத்துக்குக் கொண்டுபோங்கள்.

சரி, தில்லானா. முன் வரிசையில் இருந்த பெரியம்மா போனில் நாலு நிமிடம் எடுத்திருந்தார், வாட்ஸ்அப்பில் அனுப்பினார். வந்து சேர்ந்தது 15 எம்பி. மூலப் பதிவு இருநூறு எம்பிக்கு மேல் இருந்திருக்கும், வாட்ஸ்அப் அதை நசுக்கித்தான் அனுப்பும், முகபாவம் எதுவுமே தெரியவில்லை. மூலத்தை வயரில் எடுக்கலாம் என்று ஓடிப்போனால், "உனக்கு அனுப்பிட்டன்தானே தம்பி, போனிலயும் இடமில்லை, அழிச்சுப்போட்டன்" என்றார். அவரை என்ன சொல்ல முடியும்? வீடியோவை டொக்யுமென்ட் ஆக அனுப்பினால் தரம் குறையாது என்று அவருக்கு நான் முன்பே சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும்.

மிச்சத்தையாவது டொரொண்டோ போகும் சித்தியிடம் கொடுத்துவிடலாம் என்று ஒரு பெரிய பென் ட்ரைவில் கொப்பி பண்ணினேன். வெறும் ட்ரைவ், ஆனாலும் வர்ணம் போகவே இல்லை. அது ஃபேட்32 முறையில் ஃபோர்மட் செய்யப்பட்டிருந்தது, அதில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது. அந்த வரம்பு இல்லாத எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றியதும் போய்விட்டது.

டிசம்பரில் மச்சானின் கல்யாணம், பம்பலப்பிட்டியில். காலை ஆறு மணி முகூர்த்தம், இரவு விருந்து வரை போகும், எடுக்கும் வீடியோ மொத்தம் ஆறு மணி நேரம் என்று வைத்திருக்கிறேன். தாலி கட்டும்போது 4கே, மற்ற நேரம் 1080பி. ஒன்றரை மணி 4கேக்கு 68 ஜிபி, நாலரை மணி 1080பிக்கு 101 ஜிபி, மொத்தம் 169. இரண்டு 128 ஜிபி கார்ட் கொண்டுபோகிறேன், மூன்றாவது ஒன்று சட்டைப் பையில் இருக்கும். அன்றிரவே இரண்டு ஹார்ட் டிஸ்கில் இறக்கி, இரண்டையும் ஓட்டிப் பார்த்த பிறகுதான் கார்டை அழிப்பேன்.