தண்ணீர் வந்த வழியைப் படம் எடுங்கள்

புயல் ஓய்ந்த மறுநாள் காலை வீட்டுக்குள் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றால் கை தானாகத் துடைப்பத்தைத்தான் தேடும். நானும் வாளியும் துணியுமாக இறங்கிவிட்டேன். அப்போதுதான் அக்கா போன் செய்தார். அவர் வீட்டுக் கூரை சில வருடங்களுக்கு முன்னால் இதே மாதிரி பிய்ந்து போயிருக்கிறது. "துடைக்காத, எதையும் தூக்கிப் போடாத. தண்ணி எங்க இருந்து வந்துச்சோ அங்க ஆரம்பிச்சு எங்க வந்து நின்னுச்சோ அதுவரைக்கும் வரிசையா படம் எடு, அப்புறம் வாளியத் தொடு" என்றார். எரிச்சலாகத்தான் இருந்தது, ஆனால் செய்தேன். அந்த அரை மணி நேரம்தான் பின்னால் என் இன்சூரன்ஸ் கிளைமைக் காப்பாற்றியது, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அதற்கும் முன்னால் ஒன்று. ஈரமான வீட்டுக்குள் கால் வைக்கும் முன் மெயின் ஸ்விட்சை அணைக்க வேண்டும். அந்தப் பலகையே நனைந்திருந்தாலோ, தண்ணீரில் நின்றுதான் அதைத் தொட முடியும் என்றாலோ, அருகில் போகவே வேண்டாம், மின்துறை ஆளையோ எலக்ட்ரீஷியனையோ கூப்பிடுங்கள். ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ ஜன்னலை ஒட்டியோ ஓட்டக் கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. புயலில் தப்பித்தவர்கள் அதற்குப் பிறகு இப்படி இறந்து போவது உண்மையாகவே நடக்கிறது.

சரி, தண்ணீர் வந்த வழி ஏன் அவ்வளவு முக்கியம்? நமக்கு எல்லாமே புயல் சேதம்தான். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அப்படி இல்லை. காற்று கூரையைத் திறந்து அந்தத் திறப்பு வழியாக மழை இறங்கினால் அது ஒரு கணக்கு, தெருவில் பெருகிய தண்ணீர் வாசல் வழியாக ஏறி வந்தால் அது வேறு கணக்கு. பல பாலிசிகளில் வெள்ளத்துக்குத் தனியாக எடுத்திருந்தால்தான் பணம் கிடைக்கும். மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, அதுதான் என்னை மாட்டிவிடப் பார்த்தது: பழைய விரிசல் வழியாகப் பல நாளாகக் கசிந்த தண்ணீர். அது பராமரிப்புக் குறை, புயல் சேதம் ஆகாது என்று ஒதுக்கிவிடுவார்கள். ஒரே சுவர், ஒரே ஈரம், ஆனால் தண்ணீர் எப்படி வந்தது என்பதைப் பொறுத்து முழுத் தொகையும் வரலாம், ஒன்றுமே வராமலும் போகலாம்.

எங்கள் மாடி அறைக்கு ஷீட் கூரை. மூலையில் இருந்த ஷீட் தூக்கிக்கொண்டது, மழை ஃபால்ஸ் சீலிங் மேல் தேங்கி, சுவர் வழியாகக் கீழ் அறைக்கு இறங்கியது. சேதத்தை மதிப்பிட இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பிய சர்வேயர் வந்து கீழ் அறைச் சுவரைப் பார்த்துவிட்டு "பழைய ஓதம் மாதிரி இருக்கிறதே" என்றார். நான் படங்களைக் காட்டினேன். போல்ட் போட்டிருந்த ஓட்டைகள் வட்டமாக இல்லாமல் ஒரு பக்கமாக இழுபட்டுக் கிழிந்திருந்தன, கிழிந்த விளிம்பு பளபளவென்று புது உலோகமாக இருந்தது. பழைய ஓட்டையாக இருந்திருந்தால் விளிம்பில் துரு ஏறியிருக்கும், அழுக்கு படிந்திருக்கும். சிமெண்டிலும் அப்படித்தான், புது உடைப்பு வெளிறித் தெரியும், பழைய விரிசலில் கறுப்பும் பாசியும் இருக்கும். நான் படம் எடுத்து இரண்டு வாரம் கழித்துத்தான் அவர் வந்தார், அதற்குள் அந்த விளிம்பும் துருப்பிடித்துவிட்டது. முதல் நாள் படம் இல்லையென்றால் நான் வாயால் சொன்னதை யாரும் எழுதிக்கொண்டிருக்க மாட்டார்கள்.

மூலை ஷீட்தான் முதலில் போனது என்பதிலும் ஆச்சரியம் இல்லை. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது கொடுக்கும் அழுத்தம் நான்கு மடங்காகும், அதுவும் கூரையின் ஓரத்திலும் மூலையிலும்தான் மேல்நோக்கிய உறிஞ்சல் அதிகம். மறுபடி கூரை போடும்போது ஓரங்களில் போல்ட்டை நெருக்கமாகப் போடச் சொல்லுங்கள். நான் பக்கத்தில் நின்று பார்த்துச் செய்யச் சொன்னேன்.

படம் எடுத்த பிறகு கையைக் கட்டிக்கொண்டு சர்வேயருக்காகக் காத்திருக்கவும் கூடாது. சேதம் பெருகாமல் தடுக்க வேண்டியது பாலிசி எடுத்தவரின் பொறுப்பு என்று அநேகமாக எல்லாப் பாலிசியிலும் எழுதியிருக்கும். தார்ப்பாய் போடுவது, உடைந்த ஜன்னலைப் பலகையால் அடைப்பது, தண்ணீரை வெளியேற்றுவது எல்லாம் உடனே செய்ய வேண்டியவை, இவற்றுக்கான நியாயமான செலவைக் கிளைமில் கேட்கலாம், ரசீது வேண்டும். நிரந்தர வேலையை மட்டும் சர்வே முடியும்வரை தொடாதீர்கள். கெட்டுப்போன பொருளை ஓர் ஓரமாகக் குவித்து வையுங்கள், நாற்றம் தாங்காமல் வெளியே போட்டே ஆக வேண்டும் என்றால் படம் எடுத்து, மாடல் எண்ணைக் குறித்து, விரிப்பு மெத்தை போன்றவற்றில் ஒரு துண்டையாவது வெட்டி வையுங்கள். ஈரம் 24 முதல் 48 மணி நேரம் நின்றாலே பூஞ்சை பிடிக்கத் தொடங்கும், அதனால் காற்றோட்டம் முதல் நாளிலிருந்தே வேண்டும்.

கம்பெனிக்குத் தகவல் சொல்வதைத் தள்ளிப்போடாதீர்கள். போனில் சொன்னதை அன்றே மின்னஞ்சலிலும் எழுதி, கிளைம் எண்ணையும் பேசியவர் பெயரையும் நேரத்தையும் ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

சர்வேயர் வரும்போது வீட்டில் இருங்கள், கூடவே நடந்து, தண்ணீர் வந்த அதே வரிசையில் காட்டுங்கள். முடிந்தால் ஒரு கொத்தனாரிடமோ காண்ட்ராக்டரிடமோ முன்கூட்டியே எஸ்டிமேட் வாங்கி வையுங்கள். "மராமத்து வேலை" என்று ஒரே வரியில் மொத்தத் தொகை போட்ட தாளுக்கு மதிப்பில்லை. எந்த அறை, எத்தனை சதுர அடி பூச்சு, எத்தனை ஷீட், கூலி எவ்வளவு என்று பிரித்து எழுதியிருந்தால் அவர் ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்ப்பார், வெட்டுவதாக இருந்தாலும் எதை வெட்டினார் என்று நமக்குத் தெரியும்.

பணம் நாம் நினைத்ததைவிடக் குறைவாக வருவதற்குப் பெரும்பாலும் மூன்று காரணங்கள் இருக்கும். சேதத்தில் முதல் ஒரு தொகையை நாமே ஏற்க வேண்டும் என்று பாலிசியில் இருப்பது ஒன்று. பொருளின் வயதுக்கேற்பக் கழிக்கும் தேய்மானம் இன்னொன்று. புதிதாக மாற்றும் செலவைத் தரும் பாலிசியாக இருந்தாலும் பல இடங்களில் முதலில் தேய்மானம் கழித்துத்தான் தருவார்கள், வேலையை முடித்து பில் கொடுத்தால்தான் மீதி வரும். மூன்றாவதுதான் பலரையும் அதிர வைக்கிறது. வீட்டைத் திரும்பக் கட்ட 100 பங்கு செலவாகும் என்று வையுங்கள், பிரீமியம் குறையட்டும் என்று 60 பங்குக்குத்தான் பாலிசி எடுத்திருக்கிறீர்கள். சேதம் 20 பங்கு. 60-க்குள்தானே இருக்கிறது, முழுசாகக் கிடைக்கும் என்று நினைப்போம். சராசரி விதி உள்ள பாலிசியில் கிடைப்பது 12 பங்குதான், ஏனென்றால் வீட்டின் மதிப்பில் நீங்கள் காப்பீடு செய்த அதே விகிதத்தில்தான் சேதத்துக்கும் தருவார்கள். இதில் நிலத்தின் விலையைச் சேர்க்க வேண்டியதில்லை, திரும்பக் கட்டும் செலவுதான் கணக்கு. எங்கள் பாலிசி பல வருடம் ஒரே தொகையில் ஓடிக்கொண்டிருந்தது, கட்டுமானச் செலவு மட்டும் ஏறிக்கொண்டே போனது. அந்த இடத்தில் எங்களுக்கு நல்ல அடி.

தொகை சரியில்லை என்று தோன்றினால் "முழுமையான, இறுதியான தீர்வு" என்று எழுதிய தாளில் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். சர்வே அறிக்கையின் நகலை எழுத்தில் கேளுங்கள். என் அறிக்கையில் கீழ் அறை மட்டும்தான் இருந்தது, மாடி அறையின் ஃபால்ஸ் சீலிங் விடுபட்டிருந்தது. படத்தோடு ஒரு கடிதம் எழுதினேன், சேர்த்தார்கள். கம்பெனிக்குள்ளேயே புகார்ப் பிரிவு இருக்கும், அதற்கு மேலே பல நாடுகளில் இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளர் இருக்கிறார், எங்கே போனாலும் கேட்கப் போவது எழுத்தில் இருப்பதைத்தான்.

வேலையாட்கள் விஷயத்தில் ஒரு வேண்டுகோள். புயலுக்கு அடுத்த நாள் வாசலில் வந்து நின்று, முழுப் பணத்தையும் முன்பணமாகக் கேட்பவரையும், "கிளைமை நான் பார்த்துக்கொள்கிறேன், இங்கே கையெழுத்து போடுங்கள்" என்று வெற்றுத் தாளை நீட்டுபவரையும் அனுப்பிவிடுங்கள். வீடு ஒழுகிக்கொண்டிருக்கும்போது யார் வந்தாலும் கடவுளாகத் தெரிவார், எனக்கும் அப்படித்தான் தெரிந்தது, அக்கா தடுக்காவிட்டால் கொடுத்திருப்பேன்.

வேலை வரிசையும் முக்கியம். கூரை, பிறகு வயரிங், அப்புறம் சுவர் காய்வது, அதற்குப் பிறகுதான் பூச்சும் பெயிண்டும். ஈரச் சுவரில் பெயிண்ட் அடித்தால் கொப்பளித்து உரியும், உப்பு பூக்கும். தொட்டுப் பார்த்துக் காய்ந்துவிட்டது என்று நம்பக் கூடாது. ஒன்றரை அடிச் சதுரத்தில் ஒரு பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப்பால் இறுக்கமாக ஒட்டி, குறைந்தது 16 மணி நேரம் விட்டு, பிறகு உட்பக்கம் பாருங்கள். நீர்த்துளி கோத்திருந்தால் சுவருக்குள் இன்னும் ஈரம் இருக்கிறது. எங்கள் கீழ் அறையில் நான்கு முறை ஒட்டிப் பார்த்தோம், மூன்று முறை துளி. நான்காவது முறை தாள் உலர்ந்து வந்த அன்று பெயிண்டருக்கு போன் செய்தேன். அவர் வேலையை முடித்து பில் கொடுத்ததும் அதைத்தான் மீதித் தொகைக்காக அனுப்ப வேண்டும்.